இங்கிலாந்தில் மண்பாண்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாமா? காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, அவருடைய துணை விசாவில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் அப்பா இன்னும் சக்கரம் சுற்றுகிறார். இங்கே மண்பாண்ட வகுப்பு எடுத்துப் பிழைக்க முடியுமா, சான்றிதழ் கேட்பார்களா, அப்பாவிடம் கற்ற வேலைக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பென்னாகரத்துக்காரிதான். பல வருஷமாக இங்கே இதே வேலை.

பிழைக்கலாம். ஆனால் இந்த ஒரு சம்பளத்தில் வாடகை கட்டிக் குடும்பம் நடத்துவது ஆரம்பத்தில் நடக்காது. வகுப்புகள் பெரும்பாலும் சாயங்காலத்திலும் சனி, ஞாயிறிலும்தான். பள்ளித் தவணையை ஒட்டி நடக்கும், ஆகஸ்டில் பல இடங்களில் கதவே திறக்காது. சம்பளம் மணிக்கணக்கு. அந்த மணி என்பது மாணவர் முன்னால் நிற்கும் நேரம் மட்டுமா, சூளை அடுக்குவதும் கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) கலக்குவதும் கழுவித் துடைப்பதும் சேர்ந்ததா என்று ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். வகுப்பு நேரம் அளவுக்குப் பின்வேலையும் இருக்கும்.

துணை விசாவில் சொந்தத் தொழிலும் செய்யலாம். மாணவர் விசாவில் இருக்கும் உங்கள் நண்பரைக் கூட்டுச் சேர்க்க வேண்டாம், அந்த விசாவில் சுயதொழிலுக்குத் தடை. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை சுயதொழிலில் வந்த பணம் 1,000 பவுண்டைத் தாண்டினால், அக்டோபர் 5க்குள் வரித்துறையில் பதிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

சான்றிதழ் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். தனியார் ஸ்டுடியோக்காரர் உங்களைச் சக்கரத்தில் உட்காரவைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். முதியோர் கல்விக் கல்லூரிகளில் லெவல் 3 கற்பித்தல் சான்றிதழ் கேட்பதுண்டு. அது குறுகிய படிப்பு, முடித்து வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு எடுப்பதென்றால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும்.

சரி, அப்பாவிடம் கற்ற வேலை. உங்கள் கை இங்குள்ள பலரைவிட வேகமாக இருக்கும். ஆனால் சம்பளம் உங்கள் கை வேகத்துக்கு இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், சிலர் டாக்டர் சொல்லி மன ஆறுதலுக்காக வருபவர்கள், சனிக்கிழமை ஜோடியாக வருபவர்கள் தனி ரகம். கோணலான ஒரு கிண்ணத்தைத் தானே செய்தோம் என்று எடுத்துப் போவதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். நம் ஊரில் அப்பா என்ன செய்வார்? மண் நடுவில் நிற்கவில்லையென்றால் மகனைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து சரிசெய்வார். இங்கே அதைச் செய்தால் அடுத்த வாரம் அந்த ஆள் வரமாட்டார். முழங்கையை எங்கே ஊன்றுவது, எப்போது மூச்சை விடுவது என்று வாயால் சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக் காட்டுவதென்றால் முதலில் கேட்டுவிட்டுத்தான். கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவதுதான் இந்த உத்தியோகமே. கல்லூரியிலும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மண்ணும் வேறு. ஏரி மண்ணை மிதித்துப் பக்குவப்படுத்தும் வேலை இல்லை, 12.5 கிலோ பிளாஸ்டிக் பையில் பிசைந்தே வரும். அதில் பல வகை உண்டு. ஸ்டோன்வேர் என்ற, கல் போல இறுகும் மண்ணை 1,200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். நம் ஊர்ச் செம்மண் சட்டியை அந்தச் சூட்டில் வைத்தால் இரும்புச் சத்தால் உப்பி, உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நம் பானைக்குத் தண்ணீர் கசிவதுதான் அழகு, அதனால்தான் உள்ளே குளிர்கிறது. இங்கே பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் கிளேஸ் பற்றி நன்றாகப் படியுங்கள், எந்த கிளேஸ் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது என்பது உட்பட.

சூளையில் நெருப்பின் நிறம் பார்த்து வெந்துவிட்டது என்று சொல்லும் கண் உங்களுக்கு இருக்கலாம். கரண்ட் சூளையில் கோன் என்ற, சூட்டில் இளகிச் சாயும் சின்னக் கூம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கிளேஸ் பூசும் முன் நடக்கும் முதல் சுடுதல் சுமார் 1,000 டிகிரி. 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சட்டென்று ஆறினால் பாத்திரம் விரிசல் விடும், அதனால் அவசரப்பட்டுச் சூளையைத் திறக்கக் கூடாது. ஈரம் காயாத தடிப் பொம்மை ஒன்று உள்ளே போனால், நீராவியில் வெடித்துப் பக்கத்திலிருக்கும் நாலு பேர் பாத்திரத்தையும் உடைத்துவிடும். அந்த நாலு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அப்புறம் தூசி. கிருஷ்ணகிரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கிரானைட் பட்டறைகளில் நுரையீரல் கெட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த களிமண் தூசியிலும் அந்தக் கல்தூசியிலுள்ள அதே சிலிக்காதான். இந்த நாட்டுச் சட்டப்படி மூச்சோடு உள்ளே போகும் சிலிக்கா, எட்டு மணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. துடைப்பம் எடுக்கவே எடுக்காதீர்கள். ஈரத் துணி, ஈர மாப். காய்ந்த சட்டியை உப்புத்தாளில் தேய்க்க விடாதீர்கள். நேர்முகத்துக்குப் போகிற ஸ்டுடியோவில் தரை வெள்ளை பூத்துக் கிடந்தால் அந்த வேலை வேண்டாம் என்பேன்.

நம்மிடம் இருந்து இங்கே எடுபடுவது எது தெரியுமா? அடி திறந்த பானையைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து, கொஞ்சம் இறுகவிட்டு, உள்ளே கல், வெளியே பலகை என்று தட்டித் தட்டி அடியை மூடுவது. நான் வகுப்பெடுத்த இடங்களில் அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஒருநாள் பட்டறையாக அறிவித்தால் இடம் நிரம்பும். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தார்களே, கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் அங்கே புதிய கற்காலத்தின் கடைசியிலேயே வந்துவிட்டது என்றும் அப்போது சொன்னார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப்படாத உள்பக்கம் கறுக்கும் என்று காட்டி இந்தக் கதையையும் சொன்னால், பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஊரில் எந்தத் தொழிலைச் சொல்லி நம்மைத் திண்ணைக்கு வெளியே நிற்கவைத்தார்களோ, அதைக் கேட்கத்தான் இங்கே டிக்கெட் வாங்குகிறார்கள். எனக்கு இதில் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கார்த்திகைக்கு அகல் விளக்குப் பட்டறை இலவசமாகக் கேட்பார்கள். ஒருமுறை செய்துகொடுங்கள், அடுத்த வருஷம் மண் காசாவது வாங்குங்கள்.

சக்கரமும் சூளையும் இப்போது வாங்க வேண்டாம். வாடகை வீட்டில் வீட்டுக்காரரும் காப்பீட்டுக் கம்பெனியும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டி வேலை செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்து, சூளை அடுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பாதிப்பேர் வகுப்பெடுக்க நுழைவது அந்த வழியாகத்தான்.

அப்பாவின் தட்டுப் பலகையும் கல்லும் கொண்டுவரலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. மண் ஒட்டாமல் கழுவிக் காயவைத்து, விமானத்தில் கையில் வைத்துக்கொள்ளாமல் பெரிய பெட்டியில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஊர் மண் மட்டும் வேண்டாம், வெளிநாட்டு மண்ணை இங்கே உள்ளே விடமாட்டார்கள்.