பிளஸ் டூ முடிந்தது, அடுத்து எங்கே? தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், ஆள் பெயர் வேண்டாம்.

காரிமங்கலம், மாணவர்: கணக்கு 88, இயற்பியல் 76, வேதியியல் 80. அரசு இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்குமா டீச்சர்?

இன்ஜினியரிங் கட் ஆஃப் மார்க்குக்குக் கணக்கு மார்க்கை முழுசாக, மற்ற இரண்டையும் பாதி பாதியாக எடுப்பார்கள். 88, 38, 40 கூட்டினால் 200க்கு 166. கிடைக்குமா என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை தம்பி. கல்லூரிக்கு ஒரு கட் ஆஃப், பிரிவுக்கு ஒரு கட் ஆஃப், சாதி ஒதுக்கீட்டுக்கு ஒரு கட் ஆஃப். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்த மார்க்கோடு இடம் முடிந்தது என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உட்கார்.

நம் பக்கத்தில் செட்டிகரையில் ஓர் அரசு பொறியியல் கல்லூரி, பர்கூரில் ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாய் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நீ வருவாய். அதில் இடம் கிடைத்தவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் பொதுவாக இது கிடையாது.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பிரிவை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு ஏமாந்து நிற்பார்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், காசா பணமா? ரொம்பப் பிடித்தது மேலே, குறைவாகப் பிடித்தது கீழே, அவ்வளவுதான் கணக்கு. தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கலையும் எலக்ட்ரிக்கலையும் வேண்டாம் என்று தள்ளுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. தமிழில் படிக்க வேண்டும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கிவிட்டது.

மத்தூர், மாணவி: ஃபிசிக்ஸ் போய்விட்டது. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

பேசுவார்கள் கண்ணு, இன்னும் நாலு நாள் போகட்டும். துணைத்தேர்வு இதே கோடையில் நடக்கும். தேறிவிட்டால் இந்த வருடமே கல்லூரியில் சேரலாம், ஒரு வருடமெல்லாம் வீணாகாது. உன் தியரி மார்க் எவ்வளவு என்று முதலில் பார். செய்முறை உள்ள பாடத்தில் மொத்தம் 35 வந்தாலும் தியரியில் 70க்கு 15 இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. நன்றாக எழுதினேன் என்று உறுதியாகத் தோன்றினால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பி, அதைப் பார்த்த பிறகு மறுமதிப்பீடு கேள். ஆனால் அதை நம்பித் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிடாதே. மனசு ரொம்பக் கனத்தால் 14417க்குப் போன் போடு. கல்வித் துறை உதவி எண் அது, திட்ட மாட்டார்கள்.

பென்னாகரம் பக்கம், மாணவி: எனக்கு 17 வயது. மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். காலேஜ் விண்ணப்பம் போட வேண்டாம் என்கிறார் அப்பா.

நம் இரண்டு மாவட்டத்திலும் மே மாதம் வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. ரிசல்ட்டும் முகூர்த்தமும் சேர்ந்தே வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். 18 நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி வயது வந்த மாப்பிள்ளைக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்தி வைத்தவர்களுக்கும், அனுமதித்த பெற்றோருக்கும் தண்டனை உண்டு. "நம்ம சொந்தத்துக்குள்ளதானே" என்பது கோர்ட்டில் எடுபடாது.

நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, யார் சொன்னது என்பதை வெளியில் விட மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலர் இருக்கிறார், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அதிகாரம் அவருக்குத்தான். உன் வகுப்பு டீச்சரிடம் சொன்னாலும் போதும், அவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வார்.

ஆனால் போன் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் அப்பாவுக்குப் படிப்பின் மேல் கோபம் கிடையாது. செலவு பற்றியும், பஸ் ஏறிப் போகிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது பற்றியும்தான் பயம். செலவுக்குப் பதில் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமே 50 ரூபாய்க்குள் முடிகிறது, எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடிகிற வரை வரும். அரசுச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு சேதி தெரியுமா? இந்தப் புதுமைப் பெண் திட்டம் முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் கல்யாணத்துக்குப் பணமும் கொடுத்த திட்டம். அதைத்தான் 2022இல் படிப்புக்கு மாற்றினார்கள். அரசே மனசை மாற்றிக்கொண்டது, அப்பா மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல். நீ நேரில் கேட்டால் சண்டையாகிவிடும்.

விண்ணப்பத்தை அனுமதிக்காகக் காத்திருக்காமல் போட்டு வை. போட்டதாலேயே யாரும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடப் போவதில்லை. இடம் கிடைத்ததாகக் கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சின் தோரணையே வேறு.

ஊத்தங்கரை, ஒரு தந்தை: பெங்களூரில் நர்சிங் சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 20,000 முன்பணமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பெங்களூரு வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த ஆள் வழியாக வேண்டாம் என்கிறேன். பிள்ளை தலைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறவர்கள் மே மாதத்தில் வீடு வீடாக வருவார்கள். படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடிந்தால்தான் அவள் நர்ஸ். எனவே அந்தக் கல்லூரிக்கு அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு நேரில் போய், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் பஸ் செலவுதானே.

ஒரிஜினலைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. இடைத்தரகரிடம் கொடுத்தாலோ, பிள்ளைக்குப் பிடிக்காமல் திரும்பி வரும்போது அந்தத் தாள்களுக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று, நம் பிசி, எம்பிசி சான்றிதழுக்குக் கர்நாடகாவின் மாநில ஒதுக்கீட்டில் இடம் கிடையாது.

சூளகிரி, மாணவர்: நண்பர்கள் எல்லோரும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறார்கள். நானும் போகலாமா, படிக்கலாமா?

வீட்டில் அடுப்பு எரிய உன் சம்பளம் வேண்டுமென்றால் போ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போகும்போது மூன்று விஷயம் கேள்: கம்பெனி ஆளா, கான்ட்ராக்டர் ஆளா? பிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) உண்டா? அப்ரண்டிஸ் என்றால் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன? கையில் தாள் தராமல் வாயால் சொல்கிறவர்களை நம்பாதே.

வீட்டில் அவ்வளவு நெருக்கடி இல்லையென்றால், நம் பிள்ளைகள் கண்ணுக்கே தெரியாத ஒரு வழி இருக்கிறது. கணக்கு, அறிவியல் அல்லது தொழிற்பிரிவு எடுத்துப் பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ. கிருஷ்ணகிரியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அதே சிப்காட் கேட்டுக்குள் டிப்ளமோவோடு நுழைகிறவனுக்கும் வெறும் பிளஸ் டூவோடு நுழைகிறவனுக்கும் வேலையும் வேறு, பத்து வருடம் கழித்து நிற்கிற இடமும் வேறு. அப்புறம் ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் அதை வைத்துப் போகலாம். மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்குப் போய் நாலு காசு சேர்த்துவிட்டு ஜூலையில் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இது அது என்று ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை.

சித்தேரி, மாணவர்: எஸ்டி சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. தாசில்தார் ஆபீஸில் கேட்டால் இங்கே இல்லை என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ரசீதோடு அவர் அலுவலகத்துக்குப் போ. அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ சான்றிதழ் இருந்தால் நகலைக் கையோடு எடுத்துப் போ, வேலை பாதி குறையும். வருமானச் சான்றிதழையும் இப்போதே வாங்கு, கல்வி உதவித்தொகைக்கு அது இல்லாமல் ஆகாது. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் சேர்த்துக்கொள்.

பாலக்கோடு, மாணவர்: அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குக் கல்லூரியில் அரசு மாதாமாதம் தரும் தமிழ்ப் புதல்வன் பணம் அண்ணனின் நண்பனுக்கு வருகிறது, அக்கவுண்ட் இருந்தும் அண்ணனுக்கு வரவில்லை. எனக்கும் அப்படி ஆகுமா?

அக்கவுண்ட் இருந்தால் மட்டும் போதாது, அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும், அண்ணன் வேறு பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வங்கியில் ஒரு வார்த்தை கேட்கச் சொல். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அங்கே பொறுப்பாசிரியர் இருப்பார்.

காவேரிப்பட்டணம், மாணவி: டிசி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சாதி. முதல் மூன்றும் மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் உள்ளதுபோல, சாதி சாதிச் சான்றிதழில் உள்ளதுபோல இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் நின்றபடியே பார். தப்பு இருந்தால் அங்கேயே தலைமை ஆசிரியரிடம் சொல், வீட்டுக்குக் கொண்டுவந்து பேனாவால் திருத்தாதே. ஐந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள், லேமினேஷன் மட்டும் போடாதே.