அன்யீல்டிங் டிசையர் எங்க போடலாம்?

அண்ணே வணக்கம். தேவகோட்டைலேர்ந்து எழுதுறேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு வேலைக்கு அப்ளை பண்றேன். கவர் லெட்டர்ல "ஐ ஆம் ஹேவிங் அன்யீல்டிங் டிசையர் ஃபார் யுவர் எஸ்டீம்டு கம்பெனி"ன்னு போட்டேன், எங்க அக்கா படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்குது, கேட்டா காரணம் சொல்ல மாட்டேங்குது. நீங்களாச்சும் சொல்லுங்க.

தங்கச்சி, அக்கா சிரிச்சது நியாயந்தான். கம்பெனின்னா நிறுவனம் மட்டும் இல்ல, ஒருத்தர்கூட சேந்து இருக்குறதும் கம்பெனிதான், முன்னாடி டிசையர் ஃபார் வந்துட்டா எச்ஆர் கண்ணுக்கு ரெண்டாவது அர்த்தந்தான் படும், வேலை கேட்ட கடுதாசி லவ் லெட்டராயிரும்.

கிராமர் சின்ன வேலைதான். ஆம் ஹேவிங் வேணாம், ஹேவ் போதும், அன்யீல்டிங்க்கு முன்னாடி தனியா ஒரு அன் (an) வரணும், செய்யப்போற வேலைய சொல்றப்ப டிசையர் டு போட்டு வினைச்சொல் எழுது.

ஆனா உண்மையான சிக்கல் அன்யீல்டிங்ல இருக்கு. யீல்ட்னா விட்டுக்கொடுக்குறது, வளைஞ்சுபோறது. அப்ப எதிர்ல ஏதாச்சும் அமுக்கணும், அமுக்கியும் வளையாம நிக்கணும், அப்பதான் அந்த வார்த்தைக்கு வேலை. எவ்ளோ கெடச்சாலும் பத்தலன்னா அது இன்சேஷியபிள், நம்ம தணியாத ஆசை. அன்யீல்டிங் வேற, ஒத்தக்கால்ல நிக்கிறோம்ல அது. ரெண்டையும் மாத்திப் போடுறவங்கதான் ஜாஸ்தி.

நம்ம அழகப்பச் செட்டியாரப் பாரு, 1947ல காரைக்குடில காலேஜ் ஆரம்பிக்கிறாரு, சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்க வரணும்னு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுக்குறாரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுறாரு, இவ்ளோவும் தொழுநோயோட போராடிக்கிட்டே, 1957ல சாகுறப்ப அம்பது வயசுகூட ஆகல. "இல்னஸ் கேவ் ஹிம் நோ ரெஸ்ட், பட் ஹிஸ் டிசையர் டு பில்ட் காலேஜஸ் வாஸ் அன்யீல்டிங்"னு எழுதுனா ஒரு பய குறை சொல்ல முடியாது, ஏன்னா எதுக்கு வளையலங்குறது அதே வரில இருக்கு.

நீ இப்பதான் அப்ளையே பண்ற, உன்ன யாரு தடுத்தா? "ஐ ஆம் கீன் டு வொர்க் இன் யுவர் லேப்"னு போடு, அடுத்த வரில உன் ப்ராஜெக்ட்ல என்ன பண்ணுனன்னு சொல்லு. அந்த எஸ்டீம்டையும் தூக்கிரு, வர்ற லெட்டர் பூரா அதான் இருக்கும்.