முதல் தொகையை யார் சொல்வது?

பேரம், சம்மதிக்க வைத்தல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

கேள்வி: நேர்காணலின் முடிவில் "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார்கள். வாய்க்கு வந்த தொகையைச் சொன்னேன். உடனே "சரி" என்றுவிட்டார்கள். குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்று உறுத்துகிறது. அடுத்த முறை நானே முதலில் தொகை சொல்லலாமா?

பதில்: யோசிக்காமல் வந்த "சரி" என்றால், அநேகமாகக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். போகட்டும்.

அந்த வேலைக்கு வெளியில் என்ன தருகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். முதலில் விழுகிற எண்ணைச் சுற்றியே பிறகு வரும் பேச்செல்லாம் வட்டமடிக்கும். டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியும் மனம் இழுபட்டது.

வெளி நிலவரம் தெரியாதென்றால் முந்தாதீர்கள். "இந்தப் பதவிக்கு எதிலிருந்து எதுவரை ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எதுவானாலும் போகுமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைய சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். கையில் 115-க்கு வேறொரு ஆஃபர் இருந்து, வேலையும் ஏறக்குறைய இதே மாதிரி என்றால், 115-தான் உங்கள் கடைசிக் கோடு. அதற்குக் கீழே இறங்கக் காரணமே இல்லை. இலக்கு 130. வாய்விட்டுக் கேட்பது 138. அந்த 138 எங்கிருந்து வந்தது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். திணறினால் எண்ணைக் குறையுங்கள். "120 முதல் 140 வரை" என்று சொல்லாதீர்கள், அவர்கள் காதில் 120 மட்டும்தான் விழும். வரம்பாகத்தான் சொல்ல வேண்டும் என்றால் 138-ஐக் கீழ் எண்ணாக வையுங்கள்.

தொகையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எதிரில் இருப்பவர் தாளைப் பார்க்கிறார், பேனாவைத் திருகுகிறார். நான்கு விநாடிதான். அதைத் தாங்க முடியாமல் "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை" என்று நாமே இறங்கிவிடுகிறோம். அவர் இன்னும் மறுக்கவே இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்!

கேள்வி: லோகோ, விளம்பரம் வடிவமைத்துத் தருகிறேன். 10 சதவீதம் குறைத்தால் வாடிக்கையாளர் இன்னொரு 10 கேட்கிறார். எங்கே நிறுத்துவது?

பதில்: முதலில் அந்த 10 சதவீதம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 100-க்கு முடிக்கும் வேலையில் செலவு 70 என்றால் லாபம் 30. விலையில் 10 போனால் லாபம் 20. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. பழைய லாபத்தைப் பார்க்க ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது, குறைக்கும் விதம். 10, பிறகு இன்னொரு 10 என்று ஒரே அளவில் இறங்கினால் "இன்னும் இருக்கிறது" என்று நீங்களே சொன்ன மாதிரி. 5, 2, 1 என்று சுருங்கினால் அடிமட்டம் வந்துவிட்டதென்று அவருக்கே புரியும். எதையும் சும்மா கொடுக்காதீர்கள். "பாதித் தொகையை அட்வான்ஸாகத் தந்தால் 5 குறைக்கிறேன்" என்று சொல்லுங்கள். நிபந்தனை முதலில், சலுகை பிறகு. வரிசையை மாற்றினால் சலுகையை வாங்கிக்கொண்டு நிபந்தனையைப் பற்றிப் பேரம் தொடங்குவார்.

இன்னும் நல்ல வழி, விலையோடு வேலையையும் குறைப்பது. மூன்று மாதிரிக்குப் பதில் ஒன்று. திருத்தம் இரண்டு முறை மட்டும். "இதுதான் கடைசி" என்ற சொல்லை உண்மையிலேயே கடைசியில்தான் எடுக்க வேண்டும். சொன்ன பிறகு ஒரு சதவீதம் இறங்கினாலும், அடுத்த வேலையில் உங்கள் "கடைசி"யை அவர் பேரத்தின் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: "ஏனென்றால்" என்று சேர்த்துச் சொன்னாலே ஆட்கள் சம்மதித்துவிடுவார்கள் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். உளவியலாளர் எலன் லாங்கர் குழுவின் 1978 ஆய்வு அது. நகல் இயந்திரத்தில் முந்திக்கொள்ள அனுமதி கேட்டார்கள். 5 பக்கத்துக்கு, காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். "அவசரம்" என்ற காரணத்தோடு 94. "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற வெற்றுக் காரணத்துக்கும் 93! இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதையே 20 பக்கத்துக்குக் கேட்டபோது, காரணமில்லாமல் 24, வெற்றுக் காரணத்தோடும் அதே 24, உண்மைக் காரணத்தோடு 42. சின்ன உதவிக்கு எந்தக் காரணமும் போதும். எதிராளிக்கு நஷ்டம் தரும் கோரிக்கைக்குச் சப்பைக்கட்டு செல்லாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. காது மந்தமாகிவிட்டது. கருவி போடச் சொன்னால் "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று கோபப்படுகிறார். அம்மா, அண்ணன், நான் மூவரும் சொல்லிப் பார்த்துவிட்டோம்.

பதில்: மூவரும் சேர்ந்து சொன்னதே சிக்கல். ஆள் கூடக்கூட அவர் காக்க வேண்டிய மானமும் கூடுகிறது. இனி ஒருவர் மட்டும் பேசுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி எதிரே உட்காருங்கள். உதட்டசைவு தெரிந்தால் அவருக்குப் பேச்சு எளிதில் பிடிபடும்.

"நல்லாத்தான் கேக்குது" என்பது மேல்மூடி. அடியில் என்ன இருக்கிறது? வயதானவர் என்று முத்திரை விழுமே என்ற கூச்சமா, செலவா, நண்பரின் கருவி கீச்சிட்டதைக் கேட்ட பயமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. கூச்சப்படுகிறவரிடம் விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஒரு கேள்வியைப் பயன்படுத்திப் பாருங்கள். "அப்பா, காதைப் பாக்கணும்கறது உங்களுக்கு 10-க்கு எவ்வளவு அவசியம்னு தோணுது?" அவர் "3" என்பார் என்று வையுங்கள். "ஏன் 3-தானா?" என்று கேட்கத்தான் நாக்கு துடிக்கும். கேட்டால், வேண்டாம் என்பதற்கான காரணங்களை அடுக்குவார், அடுக்க அடுக்க அவரே அதை நம்புவார். மாறாக, "ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு ஏன்பா சொன்னீங்க?" என்று கேளுங்கள். இப்போது பதில் மறுபக்கம் திரும்பும்: "பேத்தி போன்ல பேசுறது சரியா புரியல." அது அவர் வாயிலிருந்து வந்த காரணம். உங்கள் பத்துக் காரணங்களைவிட அது கனமானது. குடிநோய் சிகிச்சைக்காக 1980-களில் உருவான ஓர் உரையாடல் முறையைச் சேர்ந்த உத்தி இது.

அதன்பின் கருவி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கேட்பது பரிசோதனை மட்டும். "குறும்பி அடைச்சிருந்தாலும் இப்படி இருக்குமாம், பாத்துட்டு வந்துடலாம்" என்பது பொய்யும் இல்லை. குறும்பி அடைத்தாலும் காது மந்தமாகும். எந்த நாள், யார் கூட வருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கருவி தேவைப்பட்டு அவர் சம்மதித்தாலும் முதல் வாரமே நாள் முழுக்கப் போடச் சொல்லாதீர்கள். பாத்திரச் சத்தம்கூட இடி மாதிரி கேட்கும், கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) கேட்டுக்கொண்டு, அமைதியான அறையில் தினம் ஓரிரு மணி நேரத்தில் தொடங்குங்கள். முதல் நாளே பேத்தியை போன் செய்யச் சொல்லிவையுங்கள்.