வாசகர் கேள்வி: ஒதெல்லோவுக்குக் கறுப்பு மை பூசலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைத் தமிழில் அரங்கேற்ற இருக்கிறது. கதையின் நாயகன் ஒதெல்லோ கறுப்பர்; அந்த வேடத்தில் நடிக்கும் மாணவரோ நல்ல சிவப்பு. அவருக்குக் கறுப்பு மை பூசலாம் என்று இயக்குநர் சொன்னதும், அது நிறவெறி என்று சிலர் எதிர்த்தனர். கூத்தில் கிருஷ்ணனுக்குப் பச்சை பூசுகிறோமே, அதில் இல்லாத குற்றம் இதில் எப்படி வந்தது?
– மாணவி ஒருவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூத்தின் பச்சை எந்த மனிதரின் தோலையும் குறிப்பதன்று, அதைப் பூசியதால் மேடை வாய்ப்பை இழந்த பச்சை நிறத்தவர் எவரும் இல்லை. கறுப்பு மையின் வரலாறு வேறு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் தக்கையைக் கருக்கி முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் ஆடிக் காட்டிக் காசு பார்த்தார்கள். நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நடித்தபோது, பத்திரிகைகள் சில அவருடைய நிறத்தைச் சொல்லியே ஏசின. அதற்கு 131 ஆண்டுகளுக்குப் பிறகும், 1964-இல், வெள்ளையரான பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் உடலெங்கும் கறுப்புப் பூசிக்கொண்டு அதே வேடத்தில் நடித்தார். அந்த முகத்துக்கு உரியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டதுதான் குற்றம்.

உரியவர் நடித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. கானாவில் பிறந்த பிரிட்டிஷ் நடிகர் ஹியூ குவார்ஷி, கறுப்பர் ஒருவர் இந்த வேடத்தை ஏற்றால் ‘கறுப்பர் முன்கோபி, எளிதில் ஏமாறுபவர்’ என்ற எண்ணத்துக்குத் தாமே சான்று அளித்தவர் ஆகமாட்டாரா என்று 1990-களில் கேட்டவர். 2015-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக அவரே ஒதெல்லோவாக நடித்தபோது, ஒதெல்லோவை வஞ்சித்து ஏமாற்றும் இயாகோவாக நடித்த லூசியன் ம்சமாட்டியும் கறுப்பினத்தவர்; கதையை வெறும் நிறப் பகையாகப் பார்க்க முடியாதபடி அந்தத் தேர்வே தடுத்துவிட்டது.

உங்கள் இயக்குநரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் இந்த வேடத்துக்குக் கறுப்பான மாணவர் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

கேள்வி: அவரவர் வேடத்தை அவரவரே போட வேண்டும் என்றால் நாடகத்தில் என்னதான் மிஞ்சும்?
– வாசகர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஒன்றும் மிஞ்சாதுதான். மீசையை மழித்துச் சவுரி வைத்துப் புடவை கட்டிய ஆண், துகில் உரியும் கட்டத்தில் குரலெடுத்துப் பாடும்போது அவரைத் திரௌபதி அல்ல என்று சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வராது. ஆயினும், வேற்றாளாக மாறுவது வேறு, வேற்றாளை வெளியே தள்ளுவது வேறு. 2015-இன் இறுதியில் புதுச்சேரியில் பயிலரங்கு நடத்திய பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனுஷ்கின், அடுத்த ஆண்டு மேடையேற்றிய நாடகத்துக்காகத் தம் குழு நடிகர்களைக் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்துப் பயில வைத்தார். 2018-இல் அதே குழு கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றி, பூர்வகுடி நடிகர் ஒருவரும் இல்லாமல், கனடா இயக்குநர் ராபர்ட் லெபாஜ் இயக்கத்தில் ‘கனாட்டா’ நாடகத்தைத் தயாரித்தபோது, அம்மக்கள் திறந்த மடல் எழுதிக் கண்டித்தனர்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தங்களை ஆபாசமாகக் காட்டி இழிவுபடுத்துவதாகக் குறவர் சமூகத்தினர் நெடுங்காலம் முறையிட்ட பிறகு, 2023-இல்தான் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. கடலூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் அந்த ஆட்டத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.