ஒரு அடிக்கு இரண்டு சத்தம், அடிக்காமலே சத்தம், அடித்தும் சத்தமில்லை: பேட் வாசிப்பவர்களுக்குக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேடும் எலக்ட்ரானிக் டிரம்ஸும் வாசிக்கிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, சர்ச் பண்டிகை என்று எல்லா மேடையும் பார்த்தாகிவிட்டது. மேடையில் ட்ரிகர், அதாவது பேடில் விழும் அடியைச் சத்தமாக்கும் ஏற்பாடு, தகராறு செய்வதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கிறது. பதிலுக்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். பேடின் அடியை வாங்கிச் சத்தம் தரும் பெட்டியான மாட்யூலில் எந்த எண்ணை மாற்றினாலும் பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். போனில் படம் எடுத்தாலும் போதும்.

கேள்வி (தேனி): அண்ணே, ஸ்நேர் டிரம் பேடை ஒரு தடவை அடித்தால் இரண்டு தடவை கேட்கிறது. த்ரெஷோல்டை ஏற்றினேன், மெதுவாக அடிப்பது கேட்காமல் போய்விட்டது.

பதில்: தம்பி, எல்லாரும் முதலில் கை வைப்பது த்ரெஷோல்டில்தான், இந்த வியாதிக்கு அது மருந்து இல்லை. பேடைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். அதுதான் பீசோ. அதிர்ந்தால் மின்சாரம் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் ஒரு தடவை அடித்தாலும் தோல் பல தடவை அதிர்ந்துதான் அடங்குகிறது, அதனால் பீசோவிலிருந்து வருவதும் மேலும் கீழுமாக ஆடி அடங்கும் அலை. அந்த ஆட்டத்தின் இரண்டாவது மேட்டை மாட்யூல் புது அடி என்று நினைத்துக்கொள்கிறது. த்ரெஷோல்ட் என்பது "இதற்குக் கீழே வந்தால் கண்டுகொள்ளாதே" என்ற வரம்பு. அதை ஏற்றினால் இரண்டாவது மேட்டோடு உங்கள் மெல்லிய அடிகளும் சேர்ந்து போய்விடும்.

முதலில் மெஷ் தோலை, அதாவது வலை மாதிரித் துணியில் செய்த தோலைப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் அதிர்வு நீண்ட நேரம் நிற்கும். எதிரெதிர் திருகாகக் கால் சுற்று, கால் சுற்று இறுக்குங்கள். உள்ளே பீசோவின் மேல் கூம்பு மாதிரி ஒரு ஸ்பாஞ்ச் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். நசுங்கிப் போய்த் தோலைத் தொடாமல் இருந்தால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. இதெல்லாம் சரியாக இருந்தும் இரட்டைச் சத்தம் வந்தால் அந்த இரண்டாவது மேட்டைத் தள்ளிவிடும் ரீட்ரிகர் கேன்சலை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மாஸ்க் டைம். ஒரு அடிக்குப் பிறகு இத்தனை மில்லி செகண்டுக்குக் காதை மூடிக்கொள் என்று மாட்யூலுக்குச் சொல்வதுதான் மாஸ்க் டைம். இதில் பேராசை கூடாது. நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு எட்டாக விழும் முப்பத்திரண்டாம் பாக அடிகளுக்கு நடுவே இருப்பது 47 மில்லி செகண்ட்தான். மாஸ்க் டைமை 50 வைத்தால் உங்கள் ரோலில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகும். 8, 10 என்று தொடங்கி, இரட்டைச் சத்தம் நிற்கிற இடத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி (சிவகங்கை): அடிக்காமலே கிராஷ் சிம்பல் அடிக்கிறது. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, மேடையில் மட்டும்தான்.

பதில்: இது எனக்கே நடந்தது. கிராமத்துக் கொடை, பலகை மேடை. பேஸ் கிட்டார்காரர் கீழ் ஈ கம்பியைத் தட்டும்போதெல்லாம் என் கிராஷ் சத்தம் போட்டது, பாடகர் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறார். மாட்யூலைத்தான் சந்தேகப்பட்டேன். இடைவேளையில் ஸ்டாண்டின் காலில் கை வைத்தபோதுதான் தெரிந்தது, கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கனமான கீழ்ச் சத்தம் போடும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரை எனக்குப் பக்கத்தில் அதே பலகையில் வைத்திருந்தார்கள். அதிர்வு பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறி, ஸ்டாண்டிலிருந்து பேடுக்கு வருகிறது. பீசோவுக்குக் குச்சியா பலகையா என்று தெரியாது.

சப்பைத் தரையில் இறக்கச் சொல்லுங்கள். சவுண்ட்காரர் மறுத்தால் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் கீழே கனமான ரப்பர் மிதியடியை மடித்து வையுங்கள், கிளாம்ப் கடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். என் பையில் எப்போதும் இரண்டு முழம் டியூப் இருக்கும். கடைசியாகத்தான் அந்தக் கிராஷுக்கு மட்டும் த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், சிம்பலை யாரும் பூப்போல அடிப்பதில்லை என்பதால் அங்கே நஷ்டம் குறைவு. பழைய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த ஊரில் சிமெண்ட் மேடையாக இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): டாம் டிரம் பேடை அடித்தால் பக்கத்து டாமும் சேர்ந்து கேட்கிறது.

பதில்: மேலே சொன்ன அதே கதை, அதிர்வு இங்கே உங்கள் குச்சியிலிருந்து வருகிறது. முதலில் கிளாம்ப், பிறகு பக்கத்துப் பேடிலிருந்து வரும் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடும் கிராஸ்டாக் கேன்சல். அதை அதிகம் ஏற்றினால் இரண்டு டாமையும் சேர்த்து அடிக்கும்போது ஒன்று மட்டும்தான் கேட்கும்.

கேள்வி (ஈரோடு): விளிம்பில் அடித்தால் ரிம் சத்தம் வரவில்லை.

பதில்: கேபிளின் முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்றுதான் இருந்தால் மோனோ. நடுவுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என்று இரண்டு செய்தி போக வேண்டும், அதற்கு இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ கேபிள் வேண்டும்.

கேள்வி (கோவை): என் மாட்யூல் லேட்டாகச் சத்தம் தருகிறது. வீட்டில் ஹெட்போனில் சரியாக இருக்கிறது, மேடையில் தாளமே இழுக்கிறது. புது மாட்யூல் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மானிட்டர், அதாவது நீங்கள் வாசிப்பதை உங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கேள்வி (திருநெல்வேலி, மேலே கோவைக்காரருக்கு): அதெல்லாம் மனப்பிரமை. பத்து இருபது மில்லி செகண்ட் யாருக்குத் தெரியும்? கை சரியில்லை என்றால் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

பதில்: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டுக் கேட்பவருக்குத் தெரியாமல் போகலாம், வாசிப்பவருக்குத் தெரியும். குச்சி பட்ட உணர்வு கையில் உடனே வந்துவிடுகிறது, சத்தம் பின்னால் வந்தால் கை தானாகவே முந்தப் பார்க்கும், அப்புறம் தாளம் ஓட ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் கற்ற ஒருவரைப் பார்த்துக் கை சரியில்லை என்று சொல்லிவிடுவது சுலபம்.

கணக்கைப் பாருங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். மின்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி கேபிளில் ஒரு நோட் போக 1 மில்லி செகண்ட்கூட ஆகாது. மாட்யூல் அடியின் உச்சத்தை அளக்க எடுக்கும் ஸ்கேன் டைம் ஓரிரு மில்லி செகண்ட். லேப்டாப் வழியாகச் சத்தம் எடுத்தால், அது சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 256 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 5 சொச்சம், அதே பஃபரை 1024 ஆக்கினால் 21 சொச்சம். புளூடூத் ஹெட்போன் என்றால் சாதாரணமாக 100-க்கு மேலேயே போகும், அதை மாட்டிக்கொண்டு பேட் வாசிக்கவே முடியாது.

கேள்வி (கோவை): மானிட்டர் எனக்கில்லை அண்ணே, மேடையின் முன்பக்க ஸ்பீக்கரைத்தான் கேட்டு வாசிக்கிறேன். ஏழு எட்டு மீட்டர் இருக்கும். மாட்யூலிலிருந்து நேரடி அவுட்தான், லேப்டாப் இல்லை.

பதில்: கேட்டீர்களா, எட்டு மீட்டர் என்றால் காற்றிலேயே 23 மில்லி செகண்ட். நிஜ டிரம்ஸில் சத்தம் கைக்குக் கீழேயே பிறக்கிறது, காதுக்கு ஒரு மீட்டர் அளவுதான் பயணம். எலக்ட்ரானிக்கில் சத்தம் எங்கே பிறக்க வேண்டும் என்று நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் சின்ன மானிட்டர் ஒன்று, இல்லையென்றால் மாட்யூலின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து வயர் உள்ள இயர்போன். நான் இப்போது இயர்போனில்தான் வாசிக்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலே வாசித்தார்கள்.

பதில்: வாசித்தார்கள், கஷ்டப்பட்டு. 1981-இல் வந்த சிம்மன்ஸ் அறுகோண பேடுகளின் மேல்பரப்பு கல் மாதிரி, வாசித்தவர்களுக்கு மணிக்கட்டு வலி வந்தது. 1985-இல் ரோலண்டின் முதல் ஆக்டபேட் வந்தபோது அதற்குச் சொந்தச் சத்தமே கிடையாது, மிடியில் வேறொரு பெட்டியோடு இணைத்தால்தான் பேசும். மெஷ் தோல் வைத்த வி-டிரம்ஸ் 1997-இல்தான் வந்தது. கருவி மாறியதே வாசித்தவர்கள் குறை சொன்னதால்தான். உங்கள் வாதத்துக்கு இதற்கு மேல் நான் பதில் எழுதவில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (விருதுநகர்): மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்.

பதில்: சென்சிடிவிட்டி, அதாவது அடியை மாட்யூல் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்ற அளவு, கூடிக் கிடக்கிறது, எல்லா அடியும் 127-இல் போய் முட்டுகிறது. மிடியில் அதற்கு மேல் எண் இல்லை. மேடையில் அடிக்கிற மாதிரியே ஓங்கி அடித்து, அது 120 பக்கம் வரும்வரை குறையுங்கள். வீட்டில் உட்கார்ந்து மெல்லத் தட்டி அளவு வைக்காதீர்கள், கச்சேரி சூட்டில் கை வேறு மாதிரி விழும்.

கேள்வி (கரூர்): டபுள் ட்ரிகர் வருகிறது, என்ன செய்ய?

பதில்: தேனித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பழனி): டபுள் அடிக்கிறது அண்ணே, த்ரெஷோல்ட் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: முதல் பதில். தயவுசெய்து முதல் பதில். உங்கள் பேடுக்கு என் எண் பொருந்தாது.

கேள்வி (தூத்துக்குடி): மிக்சரில் சொருகினால் உர்ர்ரென்று சத்தம். எர்த் பின்னை உடைத்துவிட்டால் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: உடைக்காதீர்கள். ஜெனரேட்டர் மேடையில், மழை ஈரத்தில், அந்தப் பின்தான் உங்கள் உயிர். மாட்யூலுக்கும் மிக்சருக்கும் நடுவில் போடும் டிஐ பாக்ஸ் வாங்கி அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தள்ளுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மாட்யூலும் மிக்சரும் ஒரே பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி (ராஜபாளையம்): ஒரு பேட் சில நாள் வேலை செய்கிறது, சில நாள் சுத்தமாக இல்லை. கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அப்படியென்றால் உள்ளே. திறந்து, பீசோவிலிருந்து ஜாக்குக்குப் போகும் இரண்டு மெல்லிய வயரையும் பென்சில் நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். வெள்ளை வட்டத்தின் மேல் இருக்கும் ஈயப் பொட்டு பெரும்பாலும் விட்டிருக்கும், சில சமயம் கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலவே தெரியும். மறுபடி பற்ற வைக்கும்போது சூட்டை அதிக நேரம் காட்டாதீர்கள், அந்த வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும். வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஒரு சொட்டு பசையால் பேடின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். மூடுவதற்கு முன் மாட்யூலில் சொருகி விரலால் தட்டிப் பாருங்கள். நாளைக்குக் கச்சேரி இருந்தால் இன்று இரவே செய்துவிடுங்கள், பசை காய நேரம் வேண்டும்.