மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆய்வு என்று சொல்லி வீட்டுக்கு வீடு வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். அதனால் ஓர் உயிராவது தப்பியிருக்கிறதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆயிரக்கணக்கில் தப்பியிருக்கின்றன. 1995-இல் இலங்கையில் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, குறிப்பிட்ட சில பீடைகொல்லிகளே பெருமளவு உயிரைப் பறித்தது தெரிந்தது. 1984, 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை என நஞ்சு கூடியவற்றைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். இறப்பு வீதம் 70 சதவீதமளவில் இறங்கியது, விளைச்சல் விழவில்லை. ஆனால் நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அந்தளவு குறையவில்லை. தடை உயிரைக் காத்தது, மனவேதனையைத் தீர்க்கவில்லை. அது கிளினிக்கின் வேலை; ஓட்டை இருப்பதும் அங்கேதான்.

கேள்வி: கிளினிக்கில் வைத்தியருக்குத் தமிழ் வராது. அம்மா சொல்வதை என் 13 வயது மகள் சிங்களத்தில் சொல்கிறாள். போதாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போதாது. “செத்தாலும் பரவாயில்ல” என்று அம்மம்மா சொன்னால், பிள்ளை பயந்துபோய் “கவலையா இருக்காவாம்” என்று சொல்லிவிடும். ஆபத்தை வைத்தியர் எடைபோடுவதே அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான். பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடிய சுமையும் அல்ல அது. பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், அல்லது தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கிளினிக் கொப்பியோடு அரைப் பக்கத் தாள் ஒன்றும் கொண்டுபோங்கள்: இரவில் எத்தனை மணி நேரம் நித்திரை, எந்தெந்த நாளில் குளிசை தவறியது, சாவைப் பற்றிப் பேசினாரா. மனச்சோர்வுக் குளிசை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். “ஒன்றும் மாறவில்லை” என்று பலர் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் காரணமும் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோவதுண்டு. அவசரம் என்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926-ஐ அழையுங்கள்.

கேள்வி: தமிழ் தெரிந்தவரை நியமிக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது?
– வாசகர், மட்டக்குளி

பதில்: முதலில் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “ஏன் தமிழில்லை?” என்று கேட்டால் அது முறைப்பாடு, பதில் வராது. “மனநலப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அதில் தமிழ்த் தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். கையில் வரும் அந்த எண்களோடு சுகாதார அமைச்சுக்கு எழுதுங்கள்.