உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம்: கிருமியா, மாத்திரையா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 46 வயது. பாசி எடுக்கப் போன இடத்தில் பாறை கிழித்துக் காலில் காயம். மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம். மறுநாளே காய்ச்சல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் சிவந்து, ஊசிமுனை அளவுக்கு வெள்ளை வெள்ளையாகச் சீழ்க் கொப்புளம். இப்போது முதுகிலும் பரவிவிட்டது. 'கடல் தண்ணி விஷம் ஏறிடுச்சு' என்று மெடிக்கல்காரர் இன்னும் பவரான மாத்திரை கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் அம்மை என்கிறார்கள். முதல் மாத்திரையை ஆறு மாதத்துக்கு முன்பு பல் வலிக்குச் சாப்பிட்டபோது அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதை நம்புவது? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா? இரண்டு அட்டைகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்த 'பவரான' மாத்திரையைக் கொடுக்காதீர்கள். முதல் மாத்திரையையும் நிறுத்துங்கள். இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே தோல் மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் பக்கம். மீதியைப் பேருந்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் சீழ்க் கொப்புள நோயின் அடையாளம்தான். 1980-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். இன்று 'ஏஜெப்' என்று சுருக்கிச் சொல்கிறோம். பத்தில் ஒன்பது பேருக்கு மருந்துதான் காரணம், அதிலும் ஆன்டிபயாடிக்தான் முன்னால் நிற்கும். உங்கள் படத்தில் முதல் அட்டை அமாக்ஸிசிலின். இந்த நோயில் அடிக்கடி மாட்டுகிற ஆள் அது.

சீழ் என்றாலே கிருமி என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது. இங்கே அப்படியில்லை. மருந்தைப் பகையாக நினைத்துவிட்ட உடம்பு வெள்ளை அணுக்களைத் தோலுக்கு அழைக்கிறது. யாரோ போட்ட வெறுங்கூச்சலைக் கேட்டு ஊரே கரைக்குத் திரண்டு வந்தது போல அவை வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் நீங்கள் பார்க்கும் வெள்ளை. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் கிருமி எதுவும் வளராது. அதனால் குழந்தைக்கு ஒட்டாது, பயப்பட வேண்டாம்.

போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். பழகுவது அப்போதுதான் நடந்திருக்கும். முதல் முறை உடம்பு மருந்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும், மறுமுறை கண்டதும் பாயும். அதனால்தான் ஆன்டிபயாடிக்கில் இது பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. வேறு சில மருந்துகளில் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும்.

அம்மையாக இருந்தால் தெளிந்த நீர்க் கொப்புளம் இருக்கும். தலையிலும் வாயிலும்கூட வரும். ஒரே நேரத்தில் புதிதும் பழையதுமாகக் கலந்து நிற்கும். மடிப்புகளில் தொடங்கி, எல்லாம் ஒரே அளவில், சிவந்த தோல் மேல் தெளித்த மாதிரி இருந்தால் அம்மை இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிப் படுக்க வைக்கும் வீடுகளில் மாத்திரை தானாகவே நின்றுவிடும். மெடிக்கல்காரரின் யோசனையைவிட அது எவ்வளவோ மேல்!

அவரைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அவர் கொடுத்த இரண்டாவது மாத்திரை செஃபட்ராக்சில். பெயர் வேறாக இருந்தாலும் அமாக்ஸிசிலினுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டின் வேதி அமைப்பிலும் ஒரு கிளை அப்படியே ஒன்றுதான். ஒன்றுக்குச் சீறும் உடம்பு மற்றொன்றுக்கும் சீற வாய்ப்பு அதிகம். 'பவர்' கூட்டியதாக அவர் நினைப்பது, எரிகிற இடத்தில் மறுபடி அதே எண்ணெய்தான். இதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு அச்சடித்திருப்பது அழகுக்காக இல்லை. சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது, கடையில் நாலு மாத்திரை வெட்டி வெள்ளைக் கவரில் போட்டுத் தருவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்கள் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள், பிழைத்தோம். என்னிடம் வருகிற பலர் 'ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், ஒரு கேப்சூல்' என்பார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டுபிடிப்பது? இனி எந்தக் கடையிலும் பெயர் தெரியும் பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், பில்லும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்னொரு கூட்டம், முகாம் போட்டு ரத்தம் எடுத்து 'அலர்ஜி டெஸ்ட்' என்று நீளமான பட்டியல் தருகிறவர்கள். கத்தரிக்காய், இறால், தூசி என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தருவார்கள். இந்த நோய் வேறு வகை ஒவ்வாமை. அந்தப் பட்டியலில் சிக்காது. அதைப் பார்த்து மீனை நிறுத்தாதீர்கள். கடற்கரையில் இருந்துகொண்டு எந்தத் தோல் நோய்க்கும் மீன்மேல் பழி போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. உங்கள் அம்மா தாராளமாக மீன் சாப்பிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கோ, அவர் கூடப் பிறந்தவர்களுக்கோ சொரியாசிஸ் உண்டா? முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளைச் செதிலாக உதிரும் தடிப்பு எப்போதாவது இருந்ததா? ஏன் கேட்கிறேன் என்றால், சொரியாசிஸே சில நேரம் இதே போல உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமாக வெடிக்கும். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல். அதற்கு முக்கியமான தூண்டுதல், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது. 'நான் ஸ்டீராய்டு போடவே இல்லையே' என்பார்கள். போட்டிருப்பார்கள், தெரியாமல். மூட்டு வலிக்கு வாராவாரம் ஊசி போட்டுவிடும் ஆள், பட்டப்படிப்பு எதுவும் இருக்காது, அவர் கையில் இருப்பது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். சந்தையில் விற்கும் 'மூலிகைப் பொடி' சிலவற்றிலும் கலந்திருக்கும். போட்ட அன்று வலி பறந்துவிடும், கைராசிக்காரர் என்று பெயர். அவர் ஊர் மாறிப் போனால், அல்லது இவர்கள் கையில் காசில்லாமல் ஊசியை நிறுத்தினால், சில வாரத்தில் சீழ் வெடிக்கும். மாத்திரையால் வந்தது, நிறுத்தினால் இரண்டு வாரத்தில் அடங்கும். சொரியாசிஸ் அப்படி அடங்காது. மாதக்கணக்கில் இழுக்கும், திரும்பத் திரும்ப வரும். வைத்தியமும் வேறு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அடக்கிவிட்டு நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். சந்தேகம் இருந்தால் டாக்டர் தோலில் ஒரு துளி வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். மறுக்காதீர்கள், சின்னத் தழும்புதான். ஊசி போட்டவர் பெயர் எனக்கு வேண்டாம். ஊசி போட்டது உண்மையா, கடைசியாக எப்போது, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் வெள்ளை அணு, சிறுநீரகம், ஈரல் பார்ப்பார்கள். காய்ச்சலுக்கு மருந்தும், தோலுக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பும் பெரும்பாலும் போதும். அந்தக் களிம்பை டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். மீதியைப் படர்தாமரைக்கும் குழந்தையின் வேர்க்குருவுக்கும் தடவுகிற பழக்கம் வேண்டாம். சில நாளில் கொப்புளம் வற்றி, தோல் மெல்லிய தவிடாக உரியும். அது ஆறுகிற அறிகுறி.

ஆனால் வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தாலோ, தோல் பட்டை பட்டையாகக் கழன்றாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அது இதைவிட ஆபத்தான வேறு நோயாக இருக்கலாம்.

கால் காயத்தையும் மறந்துவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், புண்ணை விடச் சொல்லவில்லை. கடல் தண்ணீர்ப் புண்ணில் நிஜமான கிருமியும் சேரும், சர்க்கரை இருப்பவர்களுக்கு வேகமாக ஏறும். காலைச் சுற்றி வீக்கம் கூடினால், வலி தாங்காமல் போனால், கறுத்த நீர்க் கொப்புளம் வந்தால் அதுவும் அவசரம்தான். வேறு குடும்பத்து மருந்து டாக்டர் தருவார். வலிப்பு, காசநோய், இதயம் என்று வேறு மாத்திரை எதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதே நாளில் கேளுங்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் ஒரு வேலை. 'அமாக்ஸிசிலின், பென்சிலின் வகை ஒவ்வாது' என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். ஓ.பி. சீட்டில் வேண்டாம், அது அடுத்த மழையில் போய்விடும். ஆதார் அட்டையோடு வைக்கும்படி தனி அட்டையில். பல் டாக்டர், பிரசவ வார்டு, கண் முகாம், எங்கே போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு எழுதும் இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். இத்தனை கணினி வந்தும் ஒரு ஆஸ்பத்திரியில் எழுதியது அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. மருந்தின் பக்கவிளைவை அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நோயாளி வீட்டாரே கூப்பிடலாம். அதற்கான படிவத்தை டாக்டர்களில் எத்தனை பேர் நிரப்புகிறோம் என்று கேட்காதீர்கள். நீங்களாவது கூப்பிடுங்கள்.

அம்மா மறுபடி பாசிக்குப் போவது, தோல் உரிந்து முடிந்து, கால் புண் மூடின பிறகு. புதுத் தோலில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், வெயிலும் சுடும். அதற்கு முன்னால் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.